சனிக்கிழமை ரத்தம்

எங்கள் பல்கலைக்கழகத்தில் மருத்துவ ஆய்வுக்கூடப் படிப்புக்கு வந்த பிள்ளைகள் முதன்முதலாக ஊசி குத்திப் பழகியதெல்லாம் ஒரே ஒரு கையில்தான். அது என் தோழியின் இடது கை. முழங்கை மடிப்பில் அப்படியொரு நரம்பு அவளுக்கு. "கண்ணை மூடிட்டுக் குத்துங்கப்பா, ரத்தம் வரும்" என்பாள். கண்ணை மூடிக்கொண்டு குத்தியவர்களும் உண்டு. அப்போதும் வந்தது.

பிள்ளைகள் அவளுக்கு நார்மல் அக்கா என்று பெயர் வைத்திருந்தார்கள். எனக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார்கள், சிடுமூஞ்சி அக்கா. அதை என் முன்னால் யாரும் சொன்னதில்லை. ஆனாலும் சுவருக்குக் காது உண்டு, எனக்கும் இரண்டு உண்டு.

நாங்கள் இருவரும் அங்கே சம்பளக்காரர்கள் அல்ல, பழைய மாணவிகள். ஒரு காலத்தில் ஆய்வு செய்ய வந்த குழு, பிள்ளைகளுக்குச் செய்முறைப் பயிற்சி போதவில்லை, இப்படியே போனால் படிப்பை மூட வேண்டியதுதான் என்று எழுதிவிட்டுப் போய்விட்டது. துறைத் தலைவர் எங்களுக்கு ஜூனியர். பாவம், அழாத குறையாகப் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் உதவி கேட்டார். கைதட்டும் படம் போட்டவர்கள் நூறு பேருக்குக் குறையாது. சனிக்கிழமை காலையில் மாடி ஏறி வந்தவர்கள் நாலு பேர். அதில் ஒருவர் நுண்ணோக்கிக்குப் பல்பு வாங்கிக் கொடுத்ததோடு தன் கடமை தீர்ந்தது என்று போய்விட்டார். இன்னொருவருக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. மிச்சம் நாங்கள் இருவர். கூடவே, பழைய மாணவராகவே இல்லாத ஒருவர். அவர் என் தோழியின் கணவர்.

அவர் படித்தது ஃபிரிட்ஜ் மெக்கானிக் வேலை. சாயங்களும் ரத்தக் குழல்களும் வைக்கிற ஃபிரிட்ஜ் ஒருநாள் ஓடவில்லை என்று மனைவி கூப்பிட்டாள். வந்தார், சரிசெய்தார். அத்தோடு போயிருக்கலாம். "இதுக்கு ஆயுசு கெட்டி, ஆனா பக்கத்துல ஆள் வேணும்" என்று சொல்லி ஒவ்வொரு சனிக்கிழமையும் ஸ்குரூடிரைவரோடு வந்து உட்கார்ந்துவிட்டார். மனைவியைத் தனியாக விட மனமில்லை என்பதை ஆண்கள் எத்தனை சுற்றிச் சொல்கிறார்கள் பாருங்கள்.

டாக்டராக மார்க் போதாமல் இந்தப் படிப்புக்கு வந்தவர்கள்தான் எங்கள் வகுப்பில் முக்கால்வாசிப் பேர். நானும் அந்த முக்காலில் ஒருத்தி. அவள் மட்டும் இதற்கென்றே வந்தவள். பள்ளிக்கூடத்தில் யாரோ வெங்காயத் தோலை நுண்ணோக்கியில் காட்டினார்களாம். அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். படித்து முடித்துப் பெரிய மருத்துவமனை ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து அங்கேயே தலை நரைத்தாள். தன் கண்ணால் பார்க்காத எதிலும் கையெழுத்துப் போட மாட்டாள். ஒரு டாக்டர் போனில் கூப்பிட்டு, ரிப்போர்ட் சரியில்லை, மாற்றிக் கொடுங்கள் என்று சத்தம் போட்டபோது, "நோயாளி மாறினா ரிப்போர்ட் மாறும் சார்" என்று சொல்லி வைத்துவிட்டாள். அந்தக் கதையைப் பிள்ளைகளிடம் நான்தான் சொல்வேன். அவள் கேட்டால் கோபித்துக்கொள்வாள், ஆனால் அறையை விட்டுப் போகமாட்டாள்.

பிள்ளை இல்லை அவர்களுக்கு. கேட்கக் கூடாத இடத்தில் கேட்கிற மனிதர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்களே, அவர்களிடம், "வருஷா வருஷம் ஒரு வகுப்பே வந்து குத்துது, அது போதாதா?" என்பாள். கேட்டவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள். அவளும் சிரிப்பாள். எனக்கு மட்டும் அந்தச் சிரிப்பு பிடிக்காது.

அவள் ரத்தத்தை எதற்குப் பயன்படுத்தினோம் என்று சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. எங்கள் தொழிலில் கன்ட்ரோல் என்று ஒன்று உண்டு. விடை முன்கூட்டியே தெரிந்த ரத்தம். தினமும் காலையில் நோயாளிகளின் ரத்தத்தைத் தொடுவதற்கு முன்னால் அதைச் சோதிப்போம். அது சரியான விடையைத் தந்தால் மெஷினையும் சாயத்தையும் நம்பலாம். முதல் வருஷப் பிள்ளைகளுக்கு நோயாளிகளின் ரத்தத்தைக் கொடுக்க முடியாது, விலை கொடுத்துக் கன்ட்ரோல் வாங்கத் துறையிடம் காசும் கிடையாது. ஆகையால் அவளே கன்ட்ரோல் ஆனாள், நார்மல் அக்கா ஆனதும் அப்படித்தான். ஒவ்வொரு தேர்வுக்கு முன்னாலும் தன் மருத்துவமனை மெஷினில் தன் ரத்தத்தைச் சோதித்து, எந்த வகை வெள்ளணு நூற்றுக்கு எத்தனை என்று ஒரு தாளில் எழுதி, பூட்டில்லாத அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டுவாள். பிள்ளைகள் அதே ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் இழுத்து, சாயம் ஊற்றி, நுண்ணோக்கியில் எண்ணுவார்கள். கதவில் இருக்கும் விடைக்குப் பக்கத்தில் வந்தால் தேறினார்கள்.

கன்ட்ரோல் தவறாக வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு எங்களிடம் ஒரு வாய்ப்பாடு உண்டு. முதலில் சோதித்த ஆளைப் பார், அப்புறம் சாயத்தைப் பார், அப்புறம் கண்ணாடியைப் பார், கடைசியில்தான் கன்ட்ரோலைப் பார். ஏனென்றால் பெரும்பாலும் தப்பு ஆளிடம்தான் இருக்கும். நாங்கள் எல்லாரும் அதைச் சொல்லித்தான் வளர்ந்தோம், அதைச் சொல்லித்தான் வளர்த்தோம்.

அந்த வருஷத் தேர்வுக்கு அவள் புதுத் தாள் ஒட்டவில்லை. மருத்துவமனையில் பழைய மெஷினை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்திக்கொண்டிருந்தார்கள். "வேற எங்கயாவது குடுத்துப் பாரேன்டி" என்றேன். "என்னடி மாறிடப் போகுது? இத்தனை வருஷமா அதே நம்பர்" என்றாள். உண்மைதான், வருஷக்கணக்காக அதே நம்பர்.

தேர்வு நெருங்கிய நாட்களில் அவள் கையில் நீலமும் கறுப்புமாகத் திட்டுகள். "இந்த வருஷப் பசங்க கை கொஞ்சம் முரடு" என்றாள். காலிலும் ஒன்றைப் பார்த்தேன். பிள்ளைகள் காலில் குத்துவதில்லையே என்றேன். வீட்டுக்காரர் கருவிப் பெட்டியை நடுவழியில் வைத்துத் தொலைக்கிறார், இடித்துக்கொண்டேன் என்றாள். பல் தேய்க்கும்போது ரத்தம் வந்தது, அதற்குப் பிரஷ்மேல் பழி. மாடி ஏறி வந்து மூச்சு வாங்கியது, அதற்கு வயசுமேல் பழி. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தாள், எல்லாமே நம்பும்படி இருந்தன. ஊர் உலகத்துக்கே நோய் கண்டுபிடிக்கிறவள் வீட்டில் இப்படித்தான் நடக்கும். விளக்குக்கு அடியில்தான் இருட்டு.

தேர்வு நடந்த அன்று நான் அங்கே இல்லை. என் வேலை ரத்த வங்கியில், அன்று வேறிடத்தில் ரத்ததான முகாம். நடந்ததை அவள் வாயாலும் கேட்டேன், தேர்வு எழுதிய ஒரு பெண்ணின் வாயாலும் கேட்டேன். இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தது.

அந்தப் பெண்ணுக்குத் தும்பி என்று பெயர். ஒல்லியான உடம்பு, முகத்தில் பாதிக்குக் கண்ணாடி. வாய் திறந்து பேசமாட்டாள். அன்றைக்கு எல்லாரும் ஒரே குழல் ரத்தத்தில்தான் வேலை செய்தார்கள். எல்லார் தாளிலும் கதவில் இருந்த எண்களே ஒன்றிரண்டு கூடியும் குறைந்தும் இருந்தன. தும்பியின் தாளில் மட்டும், 'மற்றவை' என்று கடைசியில் இருக்கும் கட்டத்தில், பக்கத்திலேயே பொடி எழுத்தில், 'பெரிய செல்கள், முதிராதவை போல. உள்ளே குச்சி குச்சியாக இருக்கிறது' என்று எழுதியிருந்தது.

"என்னது இது?" என்று கேட்டிருக்கிறாள் என் தோழி.

"பார்த்தேன்க்கா."

"சாயத்தை வடிகட்டாம ஊத்தியிருப்ப. அது படிஞ்சு குச்சி மாதிரி தெரியும்."

"வடிகட்டித்தான் ஊத்தினேன்க்கா."

"யாரு ரத்தம் இது?"

"உங்களதுதான்."

"எனக்குள்ள குச்சி இருந்தா நான் இங்க உக்காந்து உன்கூட பேசிட்டு இருப்பேனா?"

வகுப்பு சிரித்தது. தும்பி சிரிக்கவில்லை. "நீங்களே ஒரு தடவை பாருங்கக்கா" என்றிருக்கிறாள்.

"நான் பார்க்க வேண்டியதில்ல. என் ரத்தம் எனக்குத் தெரியும். இங்க பாரு, இருக்கறத விட்டாக்கூட இன்னொருத்தர் கண்டுபிடிச்சுடுவாங்க. இல்லாததை இருக்குன்னு எழுதினா ஒரு குடும்பமே உக்காந்து அழும். உன் கண்ணு இந்த வேலைக்கு ஆகாது. வேற ஏதாவது யோசிச்சுக்கோ."

சிவப்பு மையால் அந்தக் கட்டத்தை அடித்துவிட்டு மார்க்குக்குச் சைபர் போட்டாள். அவள் கெட்டவள் இல்லை. இத்தனைக்கும் அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை, இன்னொரு நோயாளியைப் பற்றியதாக இருந்திருந்தால். அதனால்தான் எனக்கு அவள்மேல் இன்றைக்கும் ஆத்திரம் தீரவில்லை.

தேர்வு முடிந்து மூன்று வாரம் விடுமுறை விட்டார்கள். வகுப்பு திறப்பதற்கு முந்திய சனிக்கிழமை நாங்கள் இருவரும் பழைய கண்ணாடித் தகடுகளைக் கழுவ வந்தோம். புதிது வாங்கக் காசில்லாததால் கழுவித்தான் மறுபடி எடுப்போம். துறைத் தலைவர் எட்டிப் பார்த்து, "தும்பி படிப்பை விட்டுட்டாளாம், அவ அம்மா வந்து சான்றிதழ் கேட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். என் தோழி சோப்புத் தண்ணீரைக் கலக்கினாள்.

தேர்வுத் தட்டை எடுத்தேன். ஒரு தகடு மட்டும் கண்ணில் பட்டது. ரத்தத்தை இப்படி இழுப்பதற்கு வருஷங்கள் வேண்டும். ஆரம்பத்தில் தடித்து, போகப் போக மெலிந்து, நுனியில் நாக்கு மாதிரி வளைந்து முடிந்திருந்தது. ஓரத்தில் தும்பியின் எண்.

"இவ்வளவு அழகா இழுத்தவளுக்கா சைபர் போட்ட?" என்றேன்.

"அழகா இழுத்துட்டு அழகாப் பொய் எழுதியிருக்கா."

"நீ பார்த்தியா?"

"எதுக்குப் பார்க்கணும்?"

"அப்ப பார்க்காமத்தான் கையெழுத்துப் போட்டியா? ஊருக்குத்தான் உபதேசமா?"

நான் சும்மா சீண்டினேன். அவளுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டு, "குடு இப்படி. நானே எண்ணிக் காட்டறேன், உன் வாயை மூட" என்று நுண்ணோக்கி முன்னால் உட்கார்ந்தாள். எண்ணும் கருவியைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டாள். பழைய டைப்ரைட்டர் மாதிரி அதில் வரிசையாகச் சாவிகள், ஒவ்வொரு வகை வெள்ளணுவுக்கும் ஒன்று. மொத்தம் நூறு வந்ததும் மணி அடிக்கும். அவள் விரல்கள் சாவியைப் பார்க்காமலே ஓடும், நான் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கழுவுவேன்.

சத்தம் வேகமாக ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் நின்றது. ஒரு சாவி, கடைசியில் 'மற்றவை' என்று இருக்கும், நாங்கள் தொடாத சாவி, மெதுவாக ஒருமுறை அழுந்தியது. பிறகு மறுபடி. நான் குழாயை மூடினேன்.

மணி அடித்தது. அவள் தலையைத் தூக்கவில்லை.

"தகடு மாறியிருக்கு" என்றாள். "யாரோ வார்டு சாம்பிளைக் கலந்துட்டாங்க. வேற ஒண்ணு குடு."

கொடுத்தேன். வேறொரு பையனுடையது, கன்னாபின்னாவென்று இழுத்த தகடு. பார்த்தாள். இன்னொன்று கேட்டாள். இன்னொன்று. கழுவ வைத்திருந்த தகடுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். ஆளைப் பார்த்தாள், சாயத்தைப் பார்த்தாள், கண்ணாடியைப் பார்த்தாள். வாய்ப்பாட்டை வரிசை தப்பாமல் முடித்தாள். அப்புறம் நாற்காலியைப் பின்னால் தள்ளி, புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கித் தன் காலில் இருந்த கறுப்புத் திட்டைப் பார்த்தாள்.

"எல்லாத் தகட்டுலயும் இருக்குடி" என்றாள். "அத்தனை பேரும் இதைப் பார்த்திருக்காங்க. பார்த்துட்டுக் கதவுல இருந்ததை எழுதியிருக்காங்க. ஒருத்திதான் பார்த்ததை எழுதினா."

நான் கண்ணை வைத்துப் பார்த்தேன். ரத்த வங்கியில் வேலை செய்கிற எனக்கே ஒரு பார்வை போதுமாக இருந்தது. பெரிய பெரிய செல்கள், அவற்றுக்குள் விறகுக் கட்டு மாதிரி குச்சிகள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்பார்களே, அந்தப் பூதத்தை நான்தான் வாயைக் கொடுத்துக் கிளப்பினேன். கிளப்பாமல் விட்டிருந்தால் கழுவி அடுக்கியிருப்போம்.

அடுத்த அறையில் அவள் கணவர் ஃபிரிட்ஜின் பின்பக்கத்தைக் கழற்றிக்கொண்டு ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அவள் அவரைக் கூப்பிடவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து தும்பியின் விடைத்தாளைத் தேடி எடுத்தாள். சைபரை அடித்தாள். முழு மார்க்கும் போட்டுக் கையெழுத்திட்டாள்.

"அறிவிருக்கா உனக்கு?" என்று கத்தினேன். "இதுவாடி இப்ப முக்கியம்? கிளம்பு."

"இதை இப்பப் போடலேன்னா அப்புறம் யாரு போடுவா?" என்றாள். அலமாரியைத் திறந்து கதவிலிருந்த தாளை உரித்தாள். பழைய பசை, முழுதாக வரவில்லை, ஓரங்கள் ஒட்டிக்கொண்டு நின்றன. நகத்தால் சுரண்டப் பார்த்தாள். நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

"என்னங்க, வண்டியை எடுங்க. ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றாள் கணவரிடம்.

"யாருக்கு என்ன?"

"எனக்குத்தான்."

அவர் ஸ்குரூடிரைவரைக் கீழே வைக்கவே இல்லை. அதைப் பிடித்துக்கொண்டே வண்டி ஓட்டினார்.

ரத்தப் புற்றுநோயில் அது ஒரு வகை. அவளுடைய மருத்துவமனையிலேயே சேர்த்தோம். புதிதாகப் பொருத்திய மெஷினில் அவளுடைய ஜூனியர்கள்தான் அவள் ரத்தத்தைச் சோதித்தார்கள். ஒரு பையன் முடிவுத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வார்டுக்கு வெளியே நின்று அழுதான். அவள் உள்ளே இருந்தபடியே, "கொண்டா தம்பி, நான்தானே படிக்கணும்" என்று கூப்பிட்டாள்.

டாக்டர் என்னையும் அவள் கணவரையும் வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொன்னார். "இந்த வகைக்கு நல்ல மருந்து இருக்கு. ரத்தம் கசியறதுக்கு முன்னாடி வந்துட்டாங்கன்னா பெரும்பாலும் பொழைச்சுக்குவாங்க. இவங்களுக்கு உள்ள கசிய ஆரம்பிச்சிருக்கு. மருந்து ஆரம்பிச்சாச்சு. பார்க்கலாம்."

"எப்ப வந்திருக்கணும் டாக்டர்?" என்று கேட்டார் கணவர்.

"ரெண்டு மூணு வாரம் முன்னாடி."

அவர் தலையை ஆட்டினார். எதிர்ச் சுவரில் இருந்த தீயணைப்புக் கருவியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தேர்வு நடந்தது எப்போது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

டாக்டர் சொன்னதை அவளிடம் நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. இந்த நோயைப் பற்றி அவளுக்குத் தெரியாதது டாக்டருக்கும் தெரியாது. அவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "தும்பியைக் கூட்டிட்டு வாடி."

தும்பி ஒரு செருப்புக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். நான் போனபோது ஒரு பெரியவர் காலுக்கு ஷூ மாட்டிவிட்டுக்கொண்டு தரையில் முழந்தாளிட்டு இருந்தாள். பக்கத்து முக்காலியில் உட்கார்ந்தேன். நிமிராமலே, "என்ன சைஸ்ம்மா?" என்றாள்.

"நீ எழுதினது சரி" என்றேன்.

நிமிர்ந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தில் முதலில் பயம்தான் வந்தது, சிடுமூஞ்சி அல்லவா. அப்புறம் நான் சொன்னது மெல்ல உள்ளே இறங்கியது. அவள் சந்தோஷப்படவில்லை. "ஐயோ" என்றாள், அவ்வளவு மெதுவாக. "சரியா இருக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன்க்கா" என்றாள். பெரியவர் ஒற்றைக் காலில் ஷூவோடு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

வார்டுக்குள் வந்ததும் தும்பி கட்டிலுக்கு இரண்டடி தள்ளி நின்றுவிட்டாள். படுத்திருந்தவளின் கை போர்வைக்கு மேலே கிடந்தது. அத்தனை பிள்ளைகளுக்கும் இடம் கொடுத்த கை, மணிக்கட்டிலிருந்து தோள்வரை கறுத்து, குத்த இடமில்லாமல் கிடந்தது.

"கிட்ட வா" என்றாள் என் தோழி. "உன் மார்க்கைத் திருத்திட்டேன். திங்கக்கிழமை வகுப்புக்குப் போ."

"போகலக்கா."

"ஏன்?"

தும்பி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். "நான் அன்னைக்கே கத்தியிருக்கணும். தலைவர்கிட்ட எடுத்துட்டுப் போயிருக்கணும். சைபர் போட்டதும் பேசாம போயிட்டேன். நான் அன்னைக்குச் சண்டை போட்டிருந்தா நீங்க..." கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். "பொழைச்சிருப்பீங்களாக்கா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கணவர் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

என் தோழி டாக்டர்களுக்குப் போனில் முடிவு வாசிக்கிற குரல் ஒன்று உண்டு. ஏற்ற இறக்கம் இல்லாத, தெளிவான குரல். அந்தக் குரலில் சொன்னாள். "இல்ல. நீ பார்த்த அன்னைக்கே முத்திப்போன கேஸ் இது. நீ கத்தியிருந்தாலும் இதே கட்டில், இதே மருந்துதான். ஒரு வித்தியாசமும் இருந்திருக்காது. நான் இத்தனை வருஷமா ரிப்போர்ட் குடுக்கறவ, பொய் சொல்ல மாட்டேன்."

தும்பி அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு கிட்டே போய் அந்தக் கையைத் தொட்டாள், அழுத்தாமல், விரல் நுனியால். "திங்கக்கிழமை போறேன்க்கா" என்றாள்.

நோயாளி மாறினால்தான் ரிப்போர்ட் மாறும் என்றவள் வாழ்க்கையிலேயே கொடுத்த பொய் ரிப்போர்ட் அது ஒன்றுதான். எனக்கு வந்தது கோபமா அழுகையா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அந்தத் திங்கட்கிழமையே தலைக்குள் ரத்தம் கசிந்து நினைவு போனது. மறுநாள் அவள் போய்விட்டாள். தும்பி அப்போது வகுப்பில் இருந்தாள். வகுப்பு முடிகிற வரைக்கும் சொல்ல வேண்டாம் என்று துறைத் தலைவரிடம் நான்தான் சொன்னேன்.

அடுத்த சனிக்கிழமை நான் மாடி ஏறிப் போனபோது அவள் கணவர் எனக்கு முன்னால் வந்திருந்தார். ஃபிரிட்ஜைச் சுவரிலிருந்து நகர்த்திப் பின்னால் உட்கார்ந்திருந்தார். நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்த ஃபிரிட்ஜ்.

"என்னண்ணா ஆச்சு அதுக்கு?"

"ஒண்ணும் ஆகலம்மா" என்றார். "வீட்ல இருக்க முடியல."

அன்றைக்கு இருவரும் ஒரு வேலையும் செய்யவில்லை. ஃபிரிட்ஜ் ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்துவிட்டுப் போனோம்.

தும்பியின் தகட்டை நான் கழுவவில்லை. பெயர் எழுதாமல், நோயின் பெயரை மட்டும் எழுதி, கற்பிக்கிற தகடுகளின் பெட்டியில் வைத்தேன். தும்பி படித்து முடித்தாள், ஒரு மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தாள். வாட்ஸ்அப் குழுவில் அவளையும் சேர்த்தார்கள். கைதட்டும் படம் எதுவும் போடவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் சனிக்கிழமையே சட்டைக் கையை மடித்துக்கொண்டு மாடி ஏறி வந்துவிட்டாள். இப்போது பிள்ளைகள் குத்துகிற கை அவளுடையது. நரம்பு அப்படியொன்றும் பிரமாதம் இல்லை, பிள்ளைகள் தேடித் தேடித்தான் குத்துகிறார்கள். அலமாரிக் கதவில் அவள் தன் எண்களை ஒட்டுவதில்லை. பிள்ளைகள் எண்ணி முடித்த பிறகுதான் பையிலிருந்து தாளை எடுப்பாள், தேதி எப்போதும் அந்த வாரத்துத் தேதியாக இருக்கும். பழைய தாளின் ஓரங்கள் மட்டும் கதவில் இன்னும் இருக்கின்றன, இருவரும் சுரண்டவில்லை.

இத்தனை வருஷமும் நான் ஒரு காரியத்தில் கவனமாக இருந்தேன். அந்தத் தகட்டைப் பிள்ளைகளுக்குக் காட்டும் நாளில் தும்பியை ஏதாவது வேலை சொல்லி வெளியே அனுப்பிவிடுவேன். அந்த நோயைப் பற்றி யாராவது ஏதாவது சொல்லி, அவள் காதில் விழுந்துவிடக் கூடாது என்ற பயம். போன சனிக்கிழமை நான் தாமதமாகப் போனேன். போனபோது தகடு நுண்ணோக்கியில் இருந்தது, சுற்றிப் பிள்ளைகள், நடுவில் தும்பி.

"இந்த நோயாளி பொழைச்சாங்களாக்கா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"இல்ல" என்றாள் தும்பி. "லேட்டா பார்த்தாங்க. சீக்கிரம் பார்த்தா இது பொழைக்கிற நோய். எழுதிக்கோங்க."

பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். நான் வாசலிலேயே நின்றேன்.

எல்லாரும் போன பிறகு கழுவு தொட்டியருகே பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். நான் தேய்க்க, அவள் அலசினாள். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தேன், எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது.

"எப்பத்திலிருந்து தெரியும்?" என்றேன்.

"மூணாம் வருஷப் பாடத்துலயே இருக்கேக்கா" என்றாள். "எத்தனை நாளைக்குள்ள மருந்து குடுத்தா எத்தனை பேர் பொழைப்பாங்கன்னு கட்டம் போட்டே இருக்கு."

"என்கிட்ட ஏன் கேட்கல?"

"எனக்குத் தெரியாம நீங்க பார்த்துக்கிட்டீங்க. பாவமா இருந்துச்சு, விட்டுட்டேன்."

என் கையிலிருந்த தகடு வழுக்கித் தண்ணீரில் விழுந்தது. அவள் எடுத்து அலசித் துணியில் வைத்தாள்.

"மூணாம் வருஷத்துல எனக்குத் தெரிஞ்சிடும்னு அவங்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?" என்றாள். "அவங்களும் அதே புத்தகம் படிச்சவங்கதானே. அதுவரைக்கும் நான் வகுப்புல இருந்தா போதும்னு நினைச்சிருக்காங்க."

நான் அதை யோசித்ததே இல்லை. இவ்வளவு வருஷமாக நான் அதைப் பொய் என்று மட்டும்தான் வைத்திருந்தேன்.

"அழுதியா?" என்று கேட்டேன்.

"அழுதேன்க்கா. மறுநாள் பரீட்சை இருந்துச்சு. அந்தக் கேள்விதான் வந்துச்சு, எழுதிட்டேன்" என்று சொல்லி, அடுத்த தகட்டுக்காகக் கையை நீட்டினாள்.